சின்னம்மா எந்த வகை உறவு? மனிதவள அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மனிதவளத் துறை நண்பர்களுக்கு,

வணக்கம். கோலாலம்பூரில் நடந்த மாநாட்டில் உங்களில் பலரோடு ஒரே மண்டபத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் பெயரட்டை தொங்க, கையில் கரிபாப் தட்டோடு, “நீங்க எந்தக் கம்பெனி?” என்று உங்களைக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் எனக்கு இது 19ஆம் ஆண்டு. என் பெயரைச் சொன்னால் தொழிற்சாலை தெரிந்துவிடும். தொழிற்சாலை தெரிந்தால், நான் சொல்லப்போகும் அக்காவையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பெயர் வேண்டாம்.

மனிதத்தன்மையுள்ள பணியிடம் என்பதுதான் இரண்டு நாளும் பேச்சு. அந்தச் சொல் திரையில் எத்தனை முறை வருகிறது என்று முதல்நாள் காலை எண்ணத் தொடங்கினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விட்டுவிட்டேன். மாநாட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல பேச்சுகள் இருந்தன, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரம் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்ததில், என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு பக்கம். அதில் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் வட்ட மேசைகளில் உட்காரவைத்து ஒரு பயிற்சி கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? “கடைசியாக யாரிடம், எதற்காக, ‘இது கம்பெனி பாலிசி’ என்று சொன்னீர்கள்? எழுதுங்கள்.” எங்கள் மேசையில் சிரிப்பு. “இன்னிக்குக் காலையிலதான், புலனத்துல (வாட்ஸ்அப்)” என்றார் கிள்ளானிலிருந்து வந்த ஒருவர். எல்லோரும் எதையோ எழுதினார்கள். நான் எழுதியது: சின்னம்மா.

அந்த அக்கா வேலைக்கு வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் சேர்வதற்கு முன்பே அங்கே இருந்தவர். சுங்கைப் பட்டாணியிலிருந்து விடியற்காலை ஃபேக்டரி பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி வருகிறவர். கேண்டீனில் பார்த்தால் என்னைத் தங்கச்சி என்பார். “தங்கச்சி, ஊறுகா போட்டேன், எடுத்துட்டுப் போ” என்று பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டுவார்.

ஒருநாள் இரவு சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்: அம்மா இறந்துட்டாங்க. மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் காலை கவுண்டருக்கு வந்தார். கையில் விடுப்புப் படிவம், இறப்புச் சான்றிதழின் நகல். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தார். நான் அடையாள எண்ணைத் தட்டினேன். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய விவரம் திரையில் வந்தது. தாய்: காலமானார்.

“அக்கா, உங்கம்மா முன்னாடியே இறந்துட்டதா இதுல இருக்கே” என்றேன். வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்லியிருக்கிறேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

“அது பெத்தவங்க மிஸ். இது சின்னம்மா. நாலு வயசுலேர்ந்து இவங்கதான் வளத்தாங்க.”

மிஸ் என்றார். கேண்டீனில் தங்கச்சி, கவுண்டரில் மிஸ்.

கையேட்டைத் திறந்தேன். துக்க விடுப்பு மூன்று நாள். யார் யாருக்கு? கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், கூடப்பிறந்தவர், மாமனார் மாமியார். அதற்கு மேல் யாரும் இல்லை. “கம்பெனி பாலிசி அக்கா” என்றேன். அக்காவின் ஆண்டு விடுப்பில் ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. அதைக் கழித்து, மீதி இரண்டு நாளைச் சம்பளமில்லா விடுப்பாக மாற்றினேன். அந்த மாதத்து முழு வருகைப் படி 100 ரிங்கிட்டும் போயிற்று.

அதோடு முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. ‘அம்மா’ என்று எழுதியது பொய்த் தகவல் என்று சூப்பர்வைசர் மின்னஞ்சல் போட்டார். எச்சரிக்கைக் கடிதம் தயாரிக்கச் சொன்னார்கள். தயாரித்தது நான்தான். வார்ப்புருவைத் திறந்து பெயர், தேதி, குற்றம் மூன்றையும் மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா அதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது ஒன்று கேட்டார்: “பதினாறாம் நாள் கருமாதிக்கு லீவு கேட்டா, அதுவும் பொய்யாயிடுமா மிஸ்?”

அவர் கேட்டதில் கிண்டல் துளியும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நண்பர்களே, இனி நமக்குள் பேச வேண்டியது. துக்க விடுப்பைப் பற்றி மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பெரிய திருத்தத்தை நாமெல்லாம் வரிவரியாகப் படித்தோம். வாரத்துக்கு 48 மணி நேர வேலை 45 ஆனது. மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது. மணமான அப்பாக்களுக்கு 7 நாள் வந்தது. மருத்துவமனையில் தங்குவதற்கான 60 நாள் விடுப்பு நோய் விடுப்பிலிருந்து தனியாகப் பிரிந்தது. மரணத்துக்கு மட்டும் எதுவும் வரவில்லை. தனியார் துறையில் ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் எத்தனை நாள், யார் யாருக்கு என்பது முழுக்க முழுக்க முதலாளி எழுதுவதுதான். முதலாளியா எழுதுகிறார்? நாம்தான் எழுதுகிறோம்.

அப்படியென்றால் அந்தப் பட்டியலை யார் எழுதியது என்று தேடினேன். எங்கள் கையேட்டின் பழைய பதிப்புகளைத் தோண்டியதில், வெளிநாட்டுத் தலைமையகத்தின் ஆங்கிலக் கையேட்டிலிருந்து அந்தப் பத்தி அப்படியே வந்திருக்கிறது. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளை என்று வாழும் ஊரின் குடும்பம் அது. அங்கே அம்மாவின் தங்கைக்கும் அப்பாவின் அக்காவுக்கும் மாமன் மனைவிக்கும் ஒரே சொல்தான். நமக்கோ பெரியம்மாவும் சின்னம்மாவும் சொல்லிலேயே அம்மா. தாய்மாமன் இல்லாமல் நம் வீட்டில் காது குத்தும் இல்லை, காரியமும் இல்லை. அந்த மாமன் செத்தால் பட்டியலில் இடம் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற மாமனாருக்கு உண்டு. (என் மாமனார் நல்லவர். கணக்குக்குச் சொன்னேன்.) இது தமிழர் சங்கதி மட்டுமில்லை. மலாய்க் குடும்பங்களில் ‘அனாக் அங்காட்’, அதாவது எடுத்து வளர்த்த பிள்ளை, எவ்வளவு சகஜம்! சீனர்களிடம் தாத்தா பாட்டிக்கே அப்பா வழிக்கு ஒரு சொல், அம்மா வழிக்கு ஒரு சொல். இத்தனை இனம் கூடி வேலை செய்கிற இடத்தில், எந்த வீட்டுக்கும் பொருந்தாத பட்டியலைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். அதற்கு வெளியே நிற்கிறவர் பொய் சொன்னதாகக் கடிதமும் கொடுக்கிறோம்.

என் அப்பா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, அதாவது பெயர் கூப்பிடும் அணிவகுப்பு. வரிசையாக நிற்க வேண்டும், கிராணி (தோட்டத்து எழுத்தர்) செக்ரோலைப் (பெயர்ப் பதிவேட்டை) பார்த்துப் பெயர் வாசிப்பார், தண்டல் (மேற்பார்வையாளர்) யாருக்கு எந்த மர வரிசை என்று நிரை பிரித்துக் கொடுப்பார். தாமதமாக வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளம் கேட்டு எத்தனையோ காலம் போராடியது. தோட்டத்து வாழ்க்கையைப் பொற்காலம் என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அப்பாவின் முதுகு அறுபது வயதுக்குப் பிறகு நிமிரவே இல்லை.

ஆனால் ஒன்று சொல்வார். லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், சாவு விழுந்தால் அந்த வரிசையில் யாரும் மறுநாள் பெரட்டுக்குப் போக மாட்டார்களாம். செத்தது யாருக்கு யார் என்று யாரும் கேட்டதில்லையாம். காலையில் திட்டித் தீர்க்கிற தண்டலே பாடை கட்ட மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து நிற்பாராம். கூலி போகும்தான். ஆனால் அழுததற்காக யாருக்கும் கடிதம் வந்ததில்லை. இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அக்காவின் கடிதத்தைத் தட்டச்சு செய்த அன்று அது எங்கே போனதென்று தெரியவில்லை. பெரட்டிலிருந்து என் அப்பா என்னைப் படிக்கவைத்து அனுப்பினார். நான் வந்து குளிரூட்டிய அறையில் செக்ரோலோடு உட்கார்ந்துவிட்டேன்.

நம் துறையின் பெயரையே பாருங்கள். மலாயில் ‘சும்பர் மனுசியா’. சும்பர் என்றால் ஊற்று, மூலம். தமிழில் வளம் என்கிறோம். நீர்வளம், நிலவளம் என்பது போல. இரண்டுமே நல்ல சொற்கள். ஊற்று இறைக்க இறைக்கச் சுரக்கும் என்பார்கள். எவ்வளவு இறைத்தாலும் சுரக்கும் என்று எடுத்துக்கொண்டோமோ என்னவோ.

மாநாட்டில் எனக்குப் பிடித்த பேச்சு உளவியல் பாதுகாப்பு, அதாவது பயமில்லாமல் வாய்திறக்க முடிகிற நிலை, பற்றியது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சனின் ஆய்வைச் சொன்னார்கள். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை அவர் ஆராயப் போனார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்ணிக்கையோ தலைகீழ்: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. விசாரித்ததில், அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்பது தெரிந்தது. பிறகு ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இந்தச் சொல்லை நம் துறையில் பரப்பியது.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஆலோசனைப் பெட்டி நினைவுக்கு வந்தது. கேண்டீன் வாசலில் நீலப் பெட்டி. ‘புகார் பூஜ்யம்’ என்று ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட்டுக்கொண்டிருந்தோம். ஊருக்குத் திரும்பியதும் அதைத் திறக்கலாம் என்று போனால் சாவி யாரிடமும் இல்லை. பராமரிப்புப் பிரிவுத் தம்பி பூட்டை அறுத்தார். உள்ளே இரண்டு ரப்பர் பேண்ட், ஒரு மிட்டாய்த் தாள், மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிப் போட்ட ஒரு சீட்டு: பெண்கள் கழிவறையில் சோப்பு இல்லை. பெட்டியை அறுத்துக்கொண்டிருந்த தம்பி மேலே கையைக் காட்டினார். சரியாகப் பெட்டிக்கு நேர் மேலே கண்காணிப்புக் கேமரா.

கழிவறை என்றதும் இன்னொன்று. எங்கள் லைன் ஒன்றில் ஆப்பரேட்டர்கள் 22 பேருக்கு இரண்டு பாஸ். சிவப்பு நிற அட்டை. அது கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம். ஒருவர் திரும்பி வரும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். தூசு புகாத சுத்த அறையில் வேலை என்பதால் போவதும் சுலபமில்லை. தலைமூடி, முகமூடி, மேலங்கி, காலுறை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், திரும்பி வந்து மாட்ட வேண்டும். அதற்கே பத்து நிமிஷம் ஓடிவிடும். ஆகவே பெண்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வருகிறது, கிளினிக்குக்குப் போகிறார்கள், எம்.சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுக்கிறார்கள். மாதக் கடைசியில் நாம் எம்.சி கணக்கைப் பார்த்து, இந்த லைனில் ஏன் இவ்வளவு என்று தலையைச் சொறிகிறோம். போன வருஷம் அதற்குத் தீர்வாக ஆரோக்கிய மாதம் கொண்டாடினோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆளுக்கொரு ஆப்பிள். ஆப்பிள் கொடுத்த புகைப்படத்தை முகநூலிலும் போட்டோம். பாஸை யாரும் தொடவில்லை.

மனப்பதற்றத்தாலும் மனச்சோர்வாலும் ஆண்டுதோறும் உலகில் 1,200 கோடி வேலைநாள் வீணாகிறது, ஒரு டிரில்லியன் டாலர் நஷ்டம் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கைத் திரையில் காட்டியபோது நிறையப் பேர் படம் எடுத்தீர்கள். நானும் எடுத்தேன். மேலதிகாரிகளிடம் காட்ட உதவும். ஆனாலும் ஒரு மனுஷியின் துக்கத்தை டாலராக மாற்றித்தான் நம் அலுவலகங்களில் உள்ளே கொண்டுபோக முடிகிறது என்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

நெகிழ்வான வேலை நேரம் பற்றிய அமர்வில் நான் கை தூக்கினேன், நேரமில்லை என்றார்கள். கேட்க நினைத்ததை இங்கே கேட்டுவிடுகிறேன். சட்டத்தின் 60P, 60Q பிரிவுகளில் வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் இவற்றில் எதையும் மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். நாம் 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இதை நாம் ஏதோ மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வந்த சட்டம் போல நடத்துகிறோம். லைனில் நிற்கிறவர் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதுதான். ஆனால் பிள்ளைக்குப் பள்ளியில் முதலாம் ஆண்டு தொடங்குகிறது, ஆறு மாதம் பகல் ஷிப்டிலேயே விடுங்கள் என்று கேட்கலாமே. எங்கள் ஆப்பரேட்டர்களில் ஒருவர்கூட இதுவரை அப்படி விண்ணப்பம் தந்ததில்லை. அப்படி ஒரு உரிமை இருப்பதை அவர்களுக்கு நாங்கள் சொன்னதும் இல்லை. உங்கள் இடத்தில் எப்படி?

பாலியல் தொல்லைக்கு எதிரான அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. எங்களுடையது ஆங்கிலத்தில், அலுவலகத்தில், நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தது. இப்போது நான்கு மொழியில் கேண்டீனில் இருக்கிறது. மாற்ற ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

தைப்பூசத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி கொடுக்க வேண்டிய 11 பொது விடுமுறைகளில் ஐந்துதான் கட்டாயம். மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும். பினாங்கில் மாநில விடுமுறை என்றாலும் தைப்பூசத்தை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும் தொழிற்சாலைகள் உண்டு. சட்டப்படி தவறில்லை. ஆனால் 48 நாள் விரதமிருந்து காவடி எடுக்கிற பையன், நேர்த்திக்கடன் நாளில் எம்.சி எடுத்துக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிறான். அவனைப் பொய் சொல்ல வைத்தது யார்?

மறுபடியும் சின்னம்மாவுக்கு வருகிறேன். மாநாட்டிலிருந்து திரும்பிய வாரமே என் மேலாளரிடம் பேசினேன். அவர் நல்ல மனிதர், கணக்கில் கறார். “இதைத் திறந்துவிட்டா நாளைக்கு ஆளுக்குப் பத்து சின்னம்மா முளைப்பாங்க” என்றார். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள் என்று தெரியும், ஏனென்றால் நானே 19 வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

சரி, கணக்கே போடுவோம் என்றேன். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சட்டத்தில் உள்ளபடி 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் 38 சென். மூன்று நாளைக்கு 196 ரிங்கிட் சொச்சம். ஒருவருக்கு ஒரு மரணத்துக்கு ஆகும் செலவு இவ்வளவுதான். என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பிய செலவில் எத்தனையோ சின்னம்மாக்களை நிம்மதியாக வழியனுப்பியிருக்கலாம். அந்தக் கட்டணத்தையும் நிறுவனம் எங்கிருந்து கோரியது? எச்ஆர்டி கோர்ப் நிதியிலிருந்து, அதாவது ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் லெவி என்று கட்டுகிற நிதியிலிருந்து. அந்த ஒரு விழுக்காட்டு லெவி எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது? அந்த அக்கா உட்பட எல்லோருடைய சம்பளத்தையும் வைத்துத்தான். முதலாளி கட்டுகிற பணம்தான், அவர்களிடம் பிடித்தது கிடையாது. இருந்தாலும் அந்த கரிபாப் எனக்கு இப்போதும் தொண்டையில் நிற்கிறது.

ஏமாற்றுகிறவர்கள் இருப்பார்கள். இப்போதும் இருக்கிறார்கள், ஒரே மாமியாரை இரண்டு முறை சாகடித்தவர் கதை எங்களிடமும் உண்டு, உங்களிடமும் இருக்கும். அவர் ஒருவருக்காக மற்றவர்களையெல்லாம் கவுண்டரில் நிற்கவைத்துப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம்.

கடைசியில் நாங்கள் ஒத்துக்கொண்டது இது. பழைய பட்டியல் அப்படியே இருக்கும். அதன் கீழே ஐந்து வரி காலியாக இருக்கும். வேலைக்குச் சேரும்போது, ஏற்கெனவே இருப்பவர்கள் இந்த ஆண்டுக்குள், யார் இறந்தால் தனக்கு விடுப்பு வேண்டும் என்று ஐந்து பெயர் வரை எழுதிக்கொடுக்கலாம். உறவு என்ன என்பதைத் தன் வாயில் வருகிற சொல்லிலேயே, தன் மொழியிலேயே எழுதலாம். பாட்டி, மாமன், வளர்த்தவர், ஒரே அறையில் 15 வருஷம் தங்கிய தோழி, யாராக இருந்தாலும் சரி. அந்த உறவுக்கு அத்தாட்சி கேட்க மாட்டோம், இறப்புக்கு மட்டும் கேட்போம். வருஷத்துக்கு ஒருமுறை பட்டியலை மாற்றிக்கொள்ளலாம். மூன்று நாளைப் பிரித்தும் எடுக்கலாம், ஏனென்றால் நமக்கு எட்டாம் நாளும் பதினாறாம் நாளும் இருக்கிறது, சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் அவரவர் நாள்கள் இருக்கின்றன. துக்க விடுப்பு வருகைப் படியைப் பாதிக்காது.

இன்னொரு வரியை நான் சேர்த்தேன், மேலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு விட்டுவிட்டார். துக்க விடுப்பை மறுப்பதாக இருந்தால் மின்னஞ்சலிலோ கவுண்டரிலோ மறுக்கக் கூடாது. மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர், கதவு உள்ள அறையில், உட்காரவைத்து நேரில் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல நாக்கு கூசுகிற பதிலை எழுத்திலும் சொல்லாமல் இருக்கலாமே என்றுதான்.

உங்களிடம் நான் கேட்பது: உங்கள் கையேட்டை எடுங்கள், துக்க விடுப்புப் பக்கத்தைத் திறங்கள், அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சட்டத்திலிருந்து வரவில்லை என்பது எனக்குத் தெரியும். சட்டம் சொல்லாத இடத்தில் நாம் எழுதியதைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, அமைச்சிலிருந்து சுற்றறிக்கை வர வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை ஒரு கூட்டம் போதும். சிறிய நிறுவனங்களில் இருப்பவர்கள், குறிப்பாகப் பினாங்கு லெபோ பாசார் பக்கத்திலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் நம் ஆட்கள் நடத்துகிற துணிக்கடை, நகைக்கடை, உணவகங்களில் கணக்கும் சம்பளமும் பார்க்கிறவர்கள், உங்களிடம் கையேடே இருக்காது. உங்களுக்கு இன்னும் சுலபம். முதலாளியிடம் வாயால் கேட்டாலே போதும். ஊரிலிருந்து வந்து உங்கள் கடையில் வேலை செய்கிற பையனின் அப்பத்தா இறந்த செய்தி கைத்தொலைபேசியில் வரும்போது, அவனால் திருச்சிக்குப் பறக்க முடியாது. அன்று ஒரு நாளாவது அவனைக் கல்லாவுக்கு முன்னால் நிற்கவைக்காதீர்கள்.

இந்தப் படிவத்தின் மாதிரி என்னிடம் தமிழிலும் மலாயிலும் இருக்கிறது. மாநாட்டுப் புலனக் குழுவில் போட்டிருக்கிறேன். கம்பெனி பெயரை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்களிடம் அனுமதி கேட்க வேண்டாம். பாஸ் விஷயத்தில் இன்னும் முடிவாகவில்லை. உற்பத்திப் பிரிவு ஒரு மாதம் பாஸே இல்லாமல் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறது.

அக்காவின் கோப்பிலிருந்து அந்த எச்சரிக்கைக் கடிதத்தை எடுக்க இரண்டு மாதம் ஆனது. போட ஐந்து நிமிஷம், எடுக்க இரண்டு மாதம், மூன்று கையெழுத்து. எடுத்த அன்று ஷிப்ட் முடிகிற நேரத்தில் லைனுக்கே போய்ச் சொன்னேன். இரண்டு நாள் சம்பளமும் படியும் அடுத்த மாதம் சேர்ந்து வரும் என்றேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டார். “சரிங்க மிஸ்” என்றார்.

போன வாரம் புதிய படிவத்தை நிரப்ப வந்தார். அவர் ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது, அறுபதுக்கு. ஐந்து வரியில் மூன்றை நிரப்பினார். முதல் வரியில் சின்னம்மாவின் கணவர் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் சின்னப்பா என்று எழுதி, கொஞ்சம் நிறுத்தி, அதை அடித்துவிட்டு அப்பா என்று எழுதினார். “அடிச்சுத் திருத்தினா செல்லுமா மிஸ்?” என்று கேட்டார். பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, பஸ் கிளம்பிவிடும் என்று வேகமாகப் போனார்.

அன்புடன்,
பாயான் லெப்பாஸிலிருந்து உங்கள் சக ஊழியை